திருவல்லிக்கேணி, 18 அடி முகப்பு, மெட்ராஸ் டெரஸ் வீடு: இடிப்பதா, பிழைக்க வைப்பதா?

தேர்முட்டி

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது கேட்டே ஆகவேண்டிய நிலை. திருவல்லிக்கேணியில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு, பத்திரம் 1912. முகப்பு 18 அடி, ஆழம் 92 அடி, இரண்டு பக்கமும் பொதுச்சுவர். நடுவில் முற்றம், பின்கட்டில் கிணறு, அதற்குப் பக்கத்தில் 1986இல் அப்பா கட்டிய ஒரு கான்கிரீட் அறையும் பாத்ரூமும். மாடி முழுக்க மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டை மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய காலத்துத் தளம்.

போன ஐப்பசியில் மாடி ஹாலில் கூரையிலிருந்து முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. அம்மா அப்போதுதான் எழுந்து காபி போடப் போயிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. ஐந்து பங்கு இருக்கிறது, பெரிய அண்ணன் ஒரு பில்டரிடம் பேசியே விட்டார். இரண்டு இன்ஜினியர் வந்து பார்த்தார்கள். ஒருவர் இடித்துவிடுங்கள் என்றார், பத்து நிமிடம்கூட உள்ளே இருக்கவில்லை. இன்னொருவர் பழைய தளத்தின் மேலேயே நாலு அங்குலம் கான்கிரீட் போட்டுவிட்டால் ஒழுகாது என்றார். 2009இல் கீழே சுவர் ஈரமாக இருக்கிறது என்று இடுப்பளவுக்கு சிமெண்ட் பூசினோம், அதற்கப்புறம்தான் சுவர் இன்னும் மோசமானது போலத் தோன்றுகிறது, நிஜமா பிரமையா தெரியவில்லை. படங்கள் போட்டிருக்கிறேன். யாராவது நேர்மையாகச் சொல்லுங்கள்.

ஸ்லாப்சாமி

நேர்மையாகத்தானே கேட்டீர்கள்? இடியுங்கள். உணர்ச்சியை ஓரமாக வையுங்கள். சென்னையை நிலநடுக்க மண்டலம் 2இலிருந்து 3க்கு மாற்றி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, உங்கள் வீட்டில் கம்பி என்ற ஒன்றே கிடையாது. செங்கல், சுண்ணாம்பு, மேலே மரக்கட்டை, அந்தக் கட்டையின் நுனி சுவருக்குள் எந்த நிலைமையில் இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அம்மா காபி போடப் போனதால் தப்பித்தார், அடுத்த முறையும் காபி நேரமாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சுண்ணாம்புக்கை

இடிப்பதா வேண்டாமா என்பது மூன்றாவது கேள்வி. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

பழைய கட்டடங்களும் யாரும் தொட விரும்பாத சிக்கலான மனைகளும் மட்டுமே வரும் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் இருக்கிறேன், மொத்தம் நாலு பேர். பதினாறு வருடத்தில் வயதானதால் விழுந்த வீடு என்று ஒன்றையும் பார்த்ததில்லை. தண்ணீரால் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன், அந்தத் தண்ணீரை வெளியே போகவிடாமல் சிமெண்ட் பூசி அடைத்துவைத்ததால் விழுந்ததை அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பிரமை பிரமை இல்லை. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதைப் பூச்சு வழியாகவே காற்றில் விட்டுவிடும், இப்படியே நூறு வருடம் ஓட்டியிருக்கிறது. சிமெண்ட் பூசினால் அந்த வாசல் மூடிவிடும். ஈரம் என்ன செய்யும், வழி தேடி மேலே ஏறும், சிமெண்ட் முடியும் கோட்டுக்கு மேலே தலைகாட்டும். முழங்கால் உயரத்தோடு நின்றிருந்த ஓதம் உங்கள் நாலாவது படத்தில் தோள் உயரத்தில் இருப்பது அதனால்தான். கூடவே உப்பு வரும். காயும்போது அது படிகமாகி செங்கல்லின் முகத்தையே தள்ளிவிடும். சிமெண்ட் கோட்டுக்கு மேலே விரலால் தேய்த்துப் பாருங்கள், செந்தூள் கொட்டினால் நான் சொல்வது சரி.

இன்னொன்று, வாசலில் எத்தனை படி? கேள்வி விளையாட்டில்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது ஒரு படிதான் இருக்கும், சில வீடுகளில் இறங்கியே போகவேண்டும். அப்படியானால் ரோட்டில் நிற்கும் மழைத் தண்ணீர் முன்சுவரின் பாதத்தில்தான் நிற்கிறது, அதற்கு எந்தப் பூச்சும் மருந்தில்லை.

மாடிக்கு வருவோம். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு என்றால் கால் அங்குலம்கூட இறங்காது. வாழைத்தண்டில் இறங்குவது போல இறங்கினால் அந்த நுனி போய்விட்டது. நடுக்கட்டை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அழுகுவது நுனிதான், ஏனென்றால் சுவர் ஈரத்தில் மாட்டிக்கொண்டு காற்றுப் படாமல் கிடப்பது அதுதான். எத்தனை கட்டை, அதில் எத்தனை நுனி என்று எண்ணி எழுதுங்கள். அதற்கு முன் யாரும் இடி என்றும் சொல்லக்கூடாது, காப்பாற்று என்றும் சொல்லக்கூடாது, நான் உட்பட. அதுவரை அம்மாவின் கட்டில் அந்த ஹாலில் வேண்டாம். அந்த விஷயத்தில் ஸ்லாப்சாமி சொல்வது சரி.

தேர்முட்டி

படி ஒன்று. அப்பா மூன்று என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். விரலால் தேய்த்தேன், சட்டையெல்லாம் செந்தூள்.

ஸ்லாப்சாமி

சரி, ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், அந்த நாலு அங்குல கான்கிரீட் யோசனை சொன்னவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு அங்குல கான்கிரீட் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 23 கிலோ. 12க்கு 10 அறை என்றால் இரண்டே முக்கால் டன். ஏற்கெனவே செங்கல்லும் ஜல்லியும் தட்டோடும் (மேலே பதிக்கிற தட்டை ஓடு) சுமக்கும் மரக்கட்டை, அதுவும் நுனி அழுகின கட்டை, அதன் தலையில் இதையும் ஏற்றினால் ஒழுகல் நிற்கும், கூடவே கூரையும் கீழே வந்து நிற்கும். நானே மூன்று வீட்டில் பார்த்தாயிற்று.

ஆனால் சுண்ணாம்பு என்றால் யார் செய்வது, என்ன செலவு, எத்தனை மாதம்? அதற்குப் பதில் வராத வரை இதெல்லாம் அழகான பேச்சுதான்.

கொத்தனார்மகன்

யார் செய்வது என்று கேட்டதால் வருகிறேன். என் அப்பா செய்வார், இன்னும் செய்துகொண்டிருக்கிறார், அவருக்கு வேலை கொடுப்பவர்கள்தான் குறைவு.

மெட்ராஸ் டெரஸ் எப்படிப் போட்டார்கள் என்று தெரியாமலே நிறைய பேர் அதில் கைவைக்கிறார்கள். கட்டைக்கு மேலே சின்ன மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தலாக, கோணலாகச் சாய்த்து, சுண்ணாம்புச் சாந்தில் வரிசை வரிசையாக அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நாலு அங்குலம். அதன்மேல் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்துக்கொண்டே நகர்வார்கள், நாள்கணக்கில் நடக்கும். எப்போது நிறுத்துவது? கட்டை கையைத் திருப்பித் தள்ளும்போது. தளம் இறுகிவிட்டால் கட்டை துள்ளும், இறுகாவிட்டால் பொத்தென்று உட்காரும். அடிக்க அடிக்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளிப்பார்கள். மேலே தட்டோடு, அதன் சந்துகளில் மறுபடி சுண்ணாம்பு.

அப்பாவுக்கு இந்தக் காலத்து அவசரம்தான் பிடிக்காது. சுண்ணாம்பைத் தண்ணீர் ஊற்றி நீற்றின அன்றைக்கே எடுத்துப் பூசச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். நீறாத கட்டி ஒன்று உள்ளே போய்விட்டால் அது சுவரில் நீறும், அப்போது உப்பிக்கொண்டு பூச்சைத் தள்ளும், காசு போல வட்டமாகப் பெயர்ந்து விழும். அதைப் பார்த்துவிட்டு சுண்ணாம்பு தாங்காது என்பார்கள். முட்டை வெள்ளைக்கரு போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கூட்டம் வேறு. அது கடைசிப் பூச்சில் மினுமினுப்புக்கு, செட்டிநாட்டு வீட்டில் பண்ணினது. ஒழுகும் கூரைக்கு முட்டை உடைத்து ஊற்றச் சொன்ன வீட்டுக்காரரை அப்பா பார்த்திருக்கிறார், ஆம்லெட் போடுவோமா சார் என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

சுண்ணாம்புக்கை

அப்பாவுக்கு என் வணக்கம். கட்டை துள்ளும் விஷயத்தை எந்த டெண்டரிலும் எழுத முடியவில்லை, அதுதான் எங்கள் தொழிலின் தலைவலி.

ஸ்லாப்சாமிக்குப் பதில். செலவை சதுர அடிக்கு இவ்வளவு என்று முதல் நாளே சொல்பவரை நம்பாதீர்கள், ஏனென்றால் பூச்சைப் பெயர்த்துப் பார்க்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் முதலில் ஆய்வுக்கு மட்டும் தனியாக ஃபீஸ் வாங்குவோம், முடிந்தால் ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்ப்போம். கொட்டுகிற மழையில் டார்ச்சோடு மொட்டைமாடியில் நிற்பதுதான் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவருக்கு முதல் பாடம். வரைபடம் அப்புறம். மனைவி மக்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

வேலைக்கு வரும் வாடிக்கையாளர்கள் இரண்டு ரகம். வீட்டில் குடியிருக்கிறவர்கள், அவர்களுக்கு ஒழுகாமல் இருந்தால் போதும். இன்னொரு ரகம், பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து காபிக் கடை நடத்த வருகிறவர்கள். அவர்களுக்குப் பூச்சை உரித்துச் செங்கல்லைக் காட்டவேண்டும், படம் எடுக்க அழகாக இருக்கும். அந்தச் செங்கல் வெளியே காட்டுவதற்காகச் சுட்டதே இல்லை, மேலே பூச்சு இருக்கும் என்று நம்பிச் சுட்டது. ஒருவர் பிடிவாதமாக உரித்தார், மேலே பளபளவென்று ஏதோ வார்னிஷ் அடித்தார். இரண்டாவது மழையில் வார்னிஷ் தோலோடு செங்கல் உரிந்து வந்தது. எங்களைத்தான் திட்டினார்.

சுண்ணாம்பு அழகான பேச்சு என்கிறீர்கள். சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்து கூரை போனபோது இடித்துவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. 1768இல் கட்டின அரண்மனை அது. பொதுப்பணித்துறையே சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று போய் அதை மீட்டது. ஒரு அரசுத் துறை, டெண்டரும் தணிக்கையும் வைத்துக்கொண்டு செய்ய முடிந்ததை 18 அடி வீட்டுக்குச் செய்ய முடியாது என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்லாப்சாமி

அரசாங்கப் பணம் சார் அது. ஐந்து பங்காளி பணம் இல்லை.

காரைக்குடிக்காரன்

ஐந்து பங்குக்கே இந்தப் பாடா! எங்கள் வளவில், அதாவது செட்டிநாட்டுப் பெரிய வீட்டில், முப்பதுக்கு மேல் புள்ளி, பங்குள்ள குடும்பங்கள். முகப்பில் ஒரு தூண் சாய்ந்தால் அதை நிமிர்த்த யார் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பதிலேயே தூண் விழுந்துவிடும். சிங்கப்பூரில் ஒருவர், பெங்களூரில் இருவர், பேசிக்கொள்ளாதவர்கள் நாலு பேர். கடைசியில் என்ன நடக்கும் தெரியுமா, கதவு போகும். முதலில் பின்கட்டுக் கதவு, அப்புறம் தூண், அப்புறம் பட்டாலையின் ஜன்னல். எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் நிற்கும், அங்கிருந்து எங்கோ ஒரு ஹோட்டல் வரவேற்பறைக்குப் போகும். பர்மா தேக்கு கப்பலில் வந்து இறங்கி, நூறு வருடம் நின்று, மறுபடி கப்பல் ஏறுகிறது.

கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகள் ஹோட்டலாகிப் பிழைத்துக்கொண்டன. குறை சொல்ல மாட்டேன், கூரையில் ஓடு மாற்ற ஆள் இருக்கிறது, ஆத்தங்குடிக் கல்லைத் துடைக்க ஆள் இருக்கிறது. ஆனால் எல்லா வீடும் ஹோட்டலாக முடியாதே. தேர்முட்டிக்கு என் யோசனை, கட்டடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பங்கை எழுதி முடியுங்கள். யார் வெளியே போகிறார், யார் உள்ளே இருக்கிறார் என்று. ஆர்க்கிடெக்ட் அதற்கப்புறம் வரட்டும்.

சுண்ணாம்புக்கை

ஆமோதிக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் நின்றுபோன வேலைகளைப் பார்த்தால், கட்டடம் தாங்காமல் நின்றதைவிடப் பங்காளிகள் தாங்காமல் நின்றதே அதிகம்.

வைசியாள்வீதி

புதுச்சேரியிலிருந்து. எங்கள் ஊரில் மேரி கட்டடம் (பழைய நகரமன்றம்) 2014 நவம்பர் மழையில் அப்படியே சரிந்தது. பல வருடமாக மரம் முளைத்து, கூரை ஒழுகி, எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு நாள் கடற்கரைச் சாலையில் மண்மேடு. அப்புறம் உலக வங்கிக் கடனில் அதே முகத்தோடு புதிதாகக் கட்டினார்கள். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுக்கிறார்கள், அழகாகவே இருக்கிறது. எனக்கு மட்டும் அந்தப் பக்கம் போனால், இறந்துபோன பெரியப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

அதற்கு நேர் எதிர் எங்கள் தெரு. பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் ஆட்கள் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு வைசியாள் வீதியில் வீட்டு முகப்புகளைச் சரிசெய்தார்கள், வீட்டுக்காரர்களும் பங்கு போட்டார்கள். திண்ணை, தெருவை நோக்கின தாழ்வாரம், மரத்தூண் எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தன. 2008இல் யுனெஸ்கோ விருதுகூட வந்தது. ஒரு வீட்டை மட்டும் காப்பாற்றினால் அது காட்சிப்பொருள். தெருவாகக் காப்பாற்றினதால் எங்கள் பாட்டி சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் எதிர்வீட்டுத் திண்ணையிலும் ஆள் இருந்தது.

நல்லூரடி

மேரி பற்றி எழுதியதைப் பார்த்ததும் எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது, இழை கொஞ்சம் திசை மாறினால் மன்னிக்கவும். யாழ்ப்பாண நூலகக் கட்டடத்தை வரைந்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் கே.எஸ். நரசிம்மன், 1959இல் திறந்தார்கள். 1981இல் எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் எல்லாம் போயின. பிறகு திருத்தினார்கள், யுத்தத்தில் மறுபடி அடிபட்டது, சுவரெல்லாம் துப்பாக்கிச் சன்னம் துளைத்த ஓட்டைகளோடு வருடக்கணக்கில் கிடந்தது. நான் சின்னனில் பார்த்தது அந்தக் கோலத்தைத்தான்.

திரும்பக் கட்டும் கதை வந்தபோது, எரிந்ததை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாகக் கட்டலாம், பார்க்கிறவனுக்கு நடந்தது தெரிய வேண்டும் என்று கதைத்தவர்கள் இருந்தார்கள். கடைசியில் பழைய முகத்தோடு வெள்ளை வெளேரென்று நிமிர்ந்தது. இப்போது பிள்ளைகள் உள்ளே இருந்து படிக்கிறார்கள், அது எனக்குச் சந்தோசம். ஆனால் ஊருக்குப் புதிதாக வருகிற ஒருவருக்கு அந்தச் சுவர் ஒன்றும் சொல்லாது. பழுதுபார்ப்பதில் எதை மறைப்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? எனக்கு இன்னும் விடை தெரியாது.

சுண்ணாம்புக்கை

திசை மாறவில்லை நல்லூரடி, இதுதான் எங்கள் தொழிலின் நடு வயிறு. பெர்லினில் நொயெஸ் மியூசியம் என்று ஒன்று, உலகப் போரில் குண்டு விழுந்து அறுபது வருடம் கிட்டத்தட்ட இடிபாடாகக் கிடந்தது. டேவிட் சிப்பர்ஃபீல்ட் அதை மீட்டு 2009இல் திறந்தபோது, எரிந்த சுவரையும் பாதி அழிந்த ஓவியத்தையும் அப்படியே விட்டார், இல்லாமல் போன இடத்தில் மட்டும் புதுச் செங்கல், புதுப் படிக்கட்டு, அது புதிது என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி. பழைய மாதிரியே கட்டித்தரச் சொல்லி அந்த ஊரிலும் சண்டை நடந்தது. எனக்கு அந்த வழிதான் பிடிக்கும், ஆனால் அந்த வழியை யாழ்ப்பாணத்துக்குச் சிபாரிசு பண்ண எனக்கு வாய் வராது. தன் வீடு எரிந்தவனிடம் போய் கரி அழகாக இருக்கிறது, துடைக்காதே என்று எப்படிச் சொல்வது.

மாடிவாடகை

இவ்வளவு பேசுகிறீர்களே, சட்டம் ஒன்றும் இல்லையா? பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்துவிட்டால் அண்ணனால் இடிக்க முடியாதே?

சுண்ணாம்புக்கை

அறிவித்தால் இடிப்பது நிற்கும், கட்டடம் விழாமல் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், 1897இல் கட்டியது, 2006இல் இடிக்க ஆரம்பித்து, வழக்குப் போய், 2010இல் இடிக்கக் கூடாது என்று உயர்நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பில்தான் 467 பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியல் பிரபலமானது. தீர்ப்பு வந்த பிறகும் அந்தக் கட்டடம் எத்தனை மழையில் நனைந்தபடி நின்றது என்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் போட்டார்கள், அது நடைமுறைக்கு வரவே வருடங்கள் ஆயின. அதனால் சட்டத்தை நம்பிக் கூரையை விட்டுவிடாதீர்கள்.

சில இடங்களில் சட்டம் நிஜமாகவே கடிக்கும். காஞ்சிபுரத்தில் ஒருவர் வந்தார், மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் கோயிலிலிருந்து 100 மீட்டருக்குள் வீடு. பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டலாம் என்று நினைத்திருந்தார். தொல்சின்னச் சட்டத்தின் 2010 திருத்தத்துக்குப் பிறகு அந்த 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கிடையாது, அனுமதி வாங்கிப் பழுதுபார்க்கலாம், அவ்வளவுதான். இடித்திருந்தால் அவருக்குக் காலி மனைதான் மிஞ்சியிருக்கும். கடப்பாரை வருவதற்கு முந்தின வாரம் எங்களிடம் வந்தார்.

தேர்முட்டி, உங்கள் மனைக்கு வருகிறேன். அண்ணனை வில்லனாக்க வேண்டாம், அவருக்குக் கணக்கு வேண்டும். 18 அடியில் பில்டர் என்ன கட்டுவார்? உங்கள் பகுதி தொடர் கட்டடப் பகுதியில் (வீடுகளைச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்ட விடும் பகுதி) வந்தால் பக்கவாட்டு இடைவெளி தொல்லை இல்லை, ஆனால் உயரமும் பரப்பும் சந்தின் அகலத்தைப் பார்த்துத்தான் கிடைக்கும். கார் நிறுத்த இடம், லிஃப்ட், படிக்கட்டு இவை போக 18 அடியில் என்ன மிச்சம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். தரைத்தளம் முழுக்கத் தூண்தான் இருக்கும்.

நாங்களாக இருந்தால் முன்பாதியைத் தொடமாட்டோம். முற்றம் வரைக்கும் பழையது அப்படியே இருக்கட்டும். பின்னால் 1986 கான்கிரீட் அறையை எடுத்துவிட்டு அங்கே கிணற்றை விட்டுவிட்டுப் புதிதாக இரண்டு மூன்று மாடி எழுப்பலாம், குளியலறை, சமையலறை, தண்ணீர்க் குழாய் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் புதுப் பகுதிக்கு மாற்றிவிட்டால் பழைய பகுதிக்குள் குழாய்த் தண்ணீரின் ஈரமே வராது. கொழும்பில் ஜெஃப்ரி பாவா 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தன் வீடாக்கினார், நடுவில் சின்னச் சின்ன முற்றங்கள், எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்றே தெரியாது. ஒடுங்கின மனை என்று புலம்புகிற வாடிக்கையாளர்களிடம் அதன் படத்தைத்தான் நீட்டுவேன்.

ஸ்லாப்சாமி

பின்னால் புதிது எழுப்பச் சொல்கிறீர்கள், கடைக்கால் தோண்டும்போது பொதுச்சுவர்? அந்தக் காலத்துச் சுவரின் பாதம் நாலடிக்கு மேல் இறங்கியிருக்காது. நீங்கள் ஆறடி தோண்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரோடு உங்கள் குழிக்குள் வருவார்.

சுண்ணாம்புக்கை

சரியான கேள்வி. ஒரே நீளமாகத் தோண்டவே கூடாது. மூன்று நாலடிக்கு ஒரு குழி, ஒன்று விட்டு ஒன்று, சுவருக்கு அடியில் கட்டி முடித்து இறுகின பிறகுதான் விட்ட இடத்தைத் தோண்டுவது. மெதுவான வேலை, ஜேசிபி உள்ளே வரக்கூடாது. இந்த வேலைக்கு எங்களுக்கு ஸ்லாப்சாமி மாதிரி சந்தேகப் பிராணி ஒருவர் கட்டாயம் தேவை, கிண்டல் இல்லை.

தேர்முட்டி

மூன்று மாதம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மாடியில் 23 கட்டை. ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்தோம். ஏழின் நுனி போயிருந்தது, ஏழும் ஒரே பக்கம், வடக்குச் சுவரில். மற்ற பதினாறும் அடித்தால் கோயில் மணி போல. அப்புறம் ஐப்பசி மழையில் அண்ணனையும் கூட்டிக்கொண்டு டார்ச்சோடு மாடிக்குப் போனோம். தண்ணீர் எல்லாம் வடக்கு மூலைக்கு ஓடுகிறது, ஓடி மறைகிறது, ஆனால் கீழே தெருவில் தூம்பு வழியாக ஒரு சொட்டு வரவில்லை. அண்ணன்தான் முதலில் கேட்டார், அப்போ தண்ணி எங்கடா போகுது என்று. சுவரைப் பெயர்த்தால் உள்ளே சுடுமண் குழாய், கொள்ளுத்தாத்தா காலத்தது, நடுவில் உடைந்து எத்தனையோ வருடமாகச் சுவருக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கிறது. கீழே சிமெண்ட், அதனால் வெளியே வரவும் வழியில்லை. குழாயின் வாயில் காக்காக்கூடு, அதில் எங்கள் வீட்டு டீஸ்பூன் இரண்டு.

அண்ணன் இன்னும் மனம் மாறவில்லை. ஆனால் பில்டரிடம் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். பின்கட்டு வரைபடம் போட ஒரு ஆர்க்கிடெக்ட் வருகிறார், தங்கை தன் பங்கை எனக்கு எழுதித்தர ஒத்துக்கொண்டாள், அது தனிக் கதை. இடுப்பளவு சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டோம், சுவர் கன்னங்கரேலென்று நாற்றம், இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து வருகிறது.

ஒரு கவலை. பக்கத்து மனையில் இடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நீங்கள் முன்பு தனிச்செய்தியில் சொன்னபடி விரிசல் மேல், அது அகன்றால் உடையட்டும் என்று, கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதியிருந்தேன், நாலு இடத்தில். நேற்று ஒன்று உடைந்திருக்கிறது. பொதுச்சுவரில் ஒட்டினது.

சுண்ணாம்புக்கை

போன் பண்ணுங்கள், இப்போதே. நாளைக்குக் காலை ஆறு மணிக்கு நாங்கள் வருகிறோம், அவர்கள் வேலை ஆரம்பிப்பதற்கு முன் சுவரை முழுக்கப் படம் எடுக்கவேண்டும், பக்கத்து வீட்டு மேஸ்திரியையும் கூட நிற்கவைத்து. ஸ்லாப்சாமி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

ஸ்லாப்சாமி

மந்தைவெளி. ஆறு மணிக்கு முட்டு கொடுக்கச் சவுக்குக் கட்டையோடு ஒரு வண்டி ஏற்பாடு பண்ணுகிறேன். இடிக்கச் சொன்ன வீட்டுக்கு முட்டு கொடுக்க வருகிறேன், யாரும் ஒன்றும் பேசக்கூடாது.

தேர்முட்டி

சுவர் நிற்கிறது. ஒன்பது முட்டு. பக்கத்து மேஸ்திரி நல்ல மனிதர், ஜேசிபியை நிறுத்திவிட்டு ஆள் வைத்துத் தோண்டுகிறார். தை பிறந்ததும் மாடித் தளத்தைப் பிரிக்கிறோம். உடைந்த தட்டோட்டுக்குப் பதில் எங்கே வாங்குவது? கடையில் கேட்டால் தரை டைல்ஸைக் காட்டுகிறார்கள்.

கொத்தனார்மகன்

எதையும் தூக்கிப் போடாதீர்கள். பிரிக்கும்போது முழு ஓடு, அரை ஓடு, தூள் என்று மூன்று குவியலாக வையுங்கள், தூளையும் சலித்துச் சாந்தில் சேர்க்கலாம். அப்பா வியாழக்கிழமை வந்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் எத்தனை குறைகிறது என்று. டீ சர்க்கரை இல்லாமல்.

தேர்முட்டி

சர்க்கரை இல்லாமல். ஸ்பூனும் தேவையில்லை, நல்லது.